விவாத இழை: வைல்டர் பென்ஃபீல்டும் வலிப்பின் தொடக்க இடமும்

தென்னவன்_நெல்லை (இழையைத் தொடங்கியவர்)

மன்றத்து நண்பர்களுக்கு வணக்கம். சென்ற வாரம் வேறோர் இழையில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டின் பெயர் அடிபட்டபோது, "மூளையில் மின்சாரம் பாய்ச்சி நினைவுகளைத் திரைப்படம் போல ஓடவிட்டவர்" என்ற ஒற்றை வரியோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நீண்ட காலம் உடலியங்கியல் கற்பித்துவிட்டு ஓய்வில் இருக்கும் எனக்கு அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. பென்ஃபீல்டு வாழ்நாளெல்லாம் தேடியது நினைவை அன்று. வலிப்பு மூளையின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைத்தான். அந்தத் தேடலின் வழியில் அகப்பட்டதுதான் நினைவு.

1891இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு சென்று, அங்கே உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டனிடம் பயின்றார். 1916இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்துகொண்டிருந்த சஸ்ஸெக்ஸ் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கியபோது காலில் காயமுற்று, மருத்துவர் வில்லியம் ஆஸ்லரின் வீட்டில் தங்கித் தேறினார். 1918இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவப் பட்டம் பெற்றார். எனக்கு முக்கியமாகப் படுபவை இதற்குப் பின்வந்த இரண்டு பயணங்கள்.

முதலாவது, 1924இல் மாட்ரிட் நகருக்குச் சென்றது. நியூயார்க்கில் அவர் அறுத்தெடுத்த மூளைத் தழும்புகளை அன்றைய சாயங்களைக் கொண்டு நுண்ணோக்கியில் தெளிவாகப் பார்க்க முடியவில்லை. ஸ்பெயினின் ரியோ ஓர்த்தேகா வெள்ளி உப்புகளைக் கொண்டு மூளையில் நரம்பணுக்களைத் தாங்கும் கிளியா செல்களைச் சாயமேற்றும் கலையில் கைதேர்ந்தவர். அவருடைய ஆய்வகத்தில் பென்ஃபீல்டு மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டார். இரண்டாவது, 1928இல் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவுக்குச் சென்றது. முதல் உலகப் போரில் தலையில் குண்டடிபட்டு, பின்னர் வலிப்புக்கு ஆளான வீரர்களுக்கு ஓட்ஃபிரிட் ஃபோர்ஸ்டர் அங்கே அறுவை செய்துவந்தார். மயக்கம் தராமல், தலைத் தோலை மட்டும் மரக்கச் செய்து, திறந்த மூளையில் மெல்லிய மின்னோட்டம் கொடுத்துப் பார்ப்பார். நோயாளியின் வழக்கமான வலிப்பு எந்தத் தொடுதலில் தலைகாட்டுகிறதோ அந்த இடத்துத் தழும்பை நீக்குவார்.

நுண்ணோக்கியில் தழும்பைப் படிக்கும் திறமையும், விழித்திருக்கும் மனிதனின் மூளையில் அதைத் தேடும் முறையும் ஒருவரிடம் சேர்ந்தன. அதே ஆண்டில் அவர் கனடாவின் மொன்றியலுக்குக் குடிபெயர்ந்தார். என் கேள்வி இதுதான்: எம்.ஆர்.ஐ. வந்துவிட்ட இக்காலத்தில் அந்த முறை பழங்கதையாகிவிட்டதா? இல்லை என்பது என் கட்சி. படம் தழும்பைக் காட்டும்; அந்தத் தழும்புதான் வலிப்பைக் கிளப்புகிறது என்று படம் சொல்லாது.

சந்தேகி

ஐயா, இது கொஞ்சம் மிகைப்படுத்தல் என்று தோன்றுகிறது. எந்த இடத்தில் கட்டி இருக்கிறது, எந்த இடத்தில் தழும்பிருக்கிறது என்று தெரியாமலேயே மண்டையோட்டைத் திறந்து தேடியதை மேதைமை என்பதா, வேறு வழியில்லாமை என்பதா? அன்று ஸ்கேன் இருந்திருந்தால் பென்ஃபீல்டே முதலில் அதைத்தானே பார்த்திருப்பார்? தம் உடன்பிறந்த சகோதரிக்கே அவர் அறுவை செய்தார் என்றும் படித்திருக்கிறேன். அதை எப்படி எடுத்துக்கொள்வது? இன்னொன்றும் கேட்கிறேன்: அந்தத் "திரைப்பட நினைவு" உண்மையா, பொய்யா?

தென்னவன்_நெல்லை

சந்தேகி அவர்களே, கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் அதற்கு எண்கள் இருக்கின்றன. 1963இல் பென்ஃபீல்டும் ஃபனோர் பெரோவும் தங்கள் பதிவுகள் அனைத்தையும் திரட்டி வெளியிட்டார்கள். மொத்தம் 1,132 நோயாளிகள். அவர்களுள், காதுப் பக்கத்து மூளைப் பகுதியான டெம்பொரல் மடல் ஆராயப்பட்டவர்கள் 520 பேர். மின் தூண்டலில் பழைய அனுபவம் போன்ற ஒன்றைக் கண்டதாகவோ கேட்டதாகவோ சொன்னவர்கள் 40 பேர் மட்டுமே. நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. மற்ற மடல்களைத் தூண்டியபோது அப்படி எதுவும் எழவில்லை. அந்த நாற்பது பேரும் கண்டது மெய்யான நினைவா, கனவு போன்ற கலவையா என்பதில் இன்றுவரை ஆய்வாளர்களிடையே உடன்பாடு இல்லை. மூளை எல்லாவற்றையும் ஒலிநாடா போலப் பதிந்து வைத்திருக்கிறது என்ற முடிவுக்குப் பென்ஃபீல்டு தாவியது, என் கணிப்பில், அவருடைய வாழ்க்கையின் பலவீனமான பகுதி.

சகோதரி ரூத்தின் கதை வேறு. இளம் வயதிலிருந்தே அவருக்கு வலிப்பு இருந்தது. 1928 டிசம்பரில் அவருடைய வலது முன்மடலில் பெரிய கட்டி இருப்பது தெரிந்து, வேறு எவரிடமும் ஒப்படைக்காமல் பென்ஃபீல்டே அறுவை செய்தார். முன்மடலின் பெரும்பகுதியை நீக்கியும் கட்டியை முழுவதுமாக அகற்ற முடியவில்லை. 1931இல் ரூத் இறந்தார். இன்றைக்கு எந்த மருத்துவரும் தம் உடன்பிறந்தவரைத் தாமே அறுக்க முன்வரமாட்டார். அதில் உங்களோடு எனக்கு வாதமில்லை.

ஆனால் 1935இல் அவர் ஜோசப் எவன்ஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் பெயர் சொல்லாமல் இடம்பெறும் ஒரு நோயாளி ரூத்தான். அறுவை முடிந்து ஓராண்டுக்கு மேலான பிறகு, விருந்தினர் ஒருவருக்கும் வீட்டார் நால்வருக்கும் அவர் இரவு உணவு ஆக்கத் திட்டமிட்டார். சமையலில் முன்பு தேர்ந்த கை. குறித்த நேரம் வந்தபோது எல்லாப் பொருள்களும் சமையலறையில் இருந்தன, ஒன்றிரண்டு பண்டங்கள் அடுப்பில் இருந்தன, ஆனால் இறைச்சியை ஆக்கத் தொடங்கவே இல்லை. நடுவில் அவர் குழம்பித் தவித்துக்கொண்டிருந்தார். பேச்சு குறையவில்லை, நினைவு குறையவில்லை, அன்பும் குறையவில்லை. எதை முதலில் வைப்பது, எதை அடுத்துச் செய்வது என்ற ஒழுங்குதான் போய்விட்டது. முன்மடல் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான விவரிப்பை நான் என் வகுப்பில் ஒருபோதும் தந்ததில்லை. அந்தச் சமையலறையை எந்த ஸ்கேனிலும் பார்த்திருக்க முடியாது.

மொன்றியல்_குகன்

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மொன்றியலில் நெடுங்காலமாக வாழ்பவன் நான். பென்ஃபீல்டு 1934இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பெருங்கொடையோடு தொடங்கிய நரம்பியல் நிறுவனம் மலைச்சரிவில் இன்றும் இயங்குகிறது. மலையடிவாரத்துத் தெருவொன்றுக்கும் அவருடைய பெயர்தான். கனடாவில் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் "கருகிய ரொட்டி வாசனை" என்பார்கள். வலிப்பு வருமுன் கருகிய வாசனையை உணரும் பெண்ணைப் பற்றித் தொலைக்காட்சியில் வந்த ஒரு நிமிடச் சித்திரத்தின் விளைவு அது. நெல்லை ஐயா வருந்துவதைப் போல இங்கும் அவரை ஒரு வரிக்குள் அடைத்துவிட்டார்கள்.

சந்தேகி அவர்கள் "தேடினார்" என்று எழுதியதை நான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கண்ணை மூடிக்கொண்டு தேடியது அன்று. நோயாளி விழித்தபடி பக்கவாட்டில் படுத்திருப்பார். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தலைத் தோலும் அதன் கீழுள்ள உறையுமே வலியறிபவை. பென்ஃபீல்டு மின்முனையால் ஓரிடத்தைத் தொடுவார். கட்டைவிரல் துடித்தாலோ, உதட்டில் சிலிர்த்தாலோ, எண்ணிக்கொண்டிருந்தவரின் பேச்சு நின்றுபோனாலோ, அந்த இடத்தில் எண் அச்சிட்ட சிறு காகிதத் துண்டு ஒன்றை வைப்பார். நோயாளி சொல்லும் சொற்களை ஒருவர் எழுதிக்கொள்வார். கடைசியில் எண்கள் பரவிய மூளையைப் புகைப்படம் எடுப்பார்கள். எண்ணும் சொல்லும் படமும் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். 1937இல் எட்வின் போல்ட்ரேயுடன் வெளியிட்ட, உடலுறுப்புகளுக்கு மூளையில் உள்ள இடத்தைக் காட்டும், பெரிய உதடும் பெரிய கையும் கொண்ட அந்தக் கோணல் மனித உருவம் இத்தகைய காகிதத் துண்டுகளின் கூட்டுத்தொகைதான். என்னைக் கேட்டால், மனித மூளையின் செயல்பாட்டைக் காட்டிய முதல் படம் அந்தப் புகைப்படங்கள்தாம்.

ஹெர்பர்ட் ஜாஸ்பரையும் மறந்துவிடக் கூடாது. மண்டைத் தோலின் மேலிருந்து மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யை ஹான்ஸ் பெர்கர் 1929இல் ஜெர்மனியிலிருந்து உலகுக்கு அறிவித்திருந்தார். ஜாஸ்பர் அந்தக் கலையை மொன்றியலுக்குக் கொண்டுவந்து, அறுவை அரங்கிலேயே திறந்த மூளையின் மேற்பரப்பிலிருந்து அலைகளைப் பதிந்தார். தூண்டிப் பார்ப்பது ஒரு கை, பதிந்து பார்ப்பது மறு கை. இருவரும் 1954இல் எழுதிய பெருநூலில் இரண்டு கைகளும் தெரியும்.

படக்கதிர்

நான் ஸ்கேன் மையத்தில் எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பராக வேலை செய்பவன். மருத்துவன் அல்லன், ஆயினும் இந்தப் பேச்சில் படத்தின் சார்பில் பேச ஓர் ஆள் வேண்டாமா?

பென்ஃபீல்டு காலத்திலும் படம் இருந்தது. அது எப்படிப்பட்ட படம் என்பதுதான் செய்தி. வால்டர் டாண்டி 1919இல் விவரித்த முறைப்படி, முதுகுத் தண்டில் ஊசியிட்டு மூளைநீரை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் காற்றைச் செலுத்துவார்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் தலைக்குள் காற்று ஏறி மூளையறைகளை நிரப்பும். அப்போது எக்ஸ்ரே எடுத்தால் அறைகளின் வடிவம் தெரியும். தழும்பு சுருங்கும்போது அறையைத் தன் பக்கம் இழுப்பதால், அறை எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில் பழுது என்று கணித்தார்கள். நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் நாள்கணக்கில் இருக்கும். இதில் மூளையே தெரியாது என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்குள்ளிருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தைப் பார்த்துவிட்டுச் சுவரில் விரிசல் எங்கே என்று ஊகிப்பது போன்றது அது.

1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. ஆனால் டெம்பொரல் மடலின் உட்புறத்தில், கடல்குதிரை போலச் சுருண்டு கிடக்கும் ஹிப்போகேம்பஸின் சுருக்கம் சி.டி.யில் பெரும்பாலும் பிடிபடாது. பெரியவர்களிடம் மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு மிகப் பரவலான காரணங்களுள் ஒன்று அந்தச் சுருக்கம். பிணக்கூறாய்வில் அதைக் காண்பது 1880இல் சொம்மர் எழுதிய காலத்திலிருந்தே நடந்துவந்தது. உயிரோடிருப்பவரிடம் எம்.ஆர்.ஐ. வழியாக அதை நம்பகமாகக் கண்டறியலாம் என்று மெல்பர்னில் கிரேயம் ஜாக்சன், சாமுவேல் பெர்கோவிச் குழுவினர் 1990இல் காட்டினார்கள். நூற்றுப் பத்து ஆண்டுகள்! பென்ஃபீல்டு 1976இல் இறந்துவிட்டார், இதைப் பார்க்கவில்லை.

தென்னவன்_நெல்லை

கதிர் தம்பி, நீங்கள் என் கட்சிக்கு எதிராகக் கொண்டுவந்த சான்றைவிட இன்னும் வலுவானது ஒன்று என்னிடமே இருக்கிறது. நேர்மைக்காக அதையும் வைத்துவிடுகிறேன்.

பி.பி. என்ற முதலெழுத்துகளால் மட்டுமே அறியப்படும் ஒரு பொறியாளருக்கு 1946இல் இடது டெம்பொரல் மடலின் முன்பகுதியைப் பென்ஃபீல்டு நீக்கினார். வலிப்பு நிற்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே பக்கத்து ஹிப்போகேம்பஸையும் நீக்கினார். அதன்பின் அந்த மனிதருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஒரே பக்கத்தில் செய்த அறுவைக்கு இப்படி ஒரு விளைவு அதுவரை கண்டிராதது. எஃப்.சி. என்ற, கையுறை வெட்டும் தொழிலாளி ஒருவருக்கும் அப்படியே ஆயிற்று. பென்ஃபீல்டின் குழுவில் சேர்ந்திருந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் இருவரையும் சோதித்தார். நீக்கப்படாத வலது ஹிப்போகேம்பஸ் ஏற்கனவே பழுதுபட்டிருக்க வேண்டும், அப்படியானால் அறுவை அந்த நோயாளிகளை இரு பக்கமும் இல்லாதவர்களாக்கிவிட்டது என்று அவரும் பென்ஃபீல்டும் ஊகித்தார்கள்.

ஊகம் அச்சேறியதும் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டிலிருந்து வில்லியம் ஸ்கோவில் தொலைபேசியில் பேசினார். தாம் 1953இல் இருபக்கமும் அறுவை செய்த எச்.எம். என்ற இளைஞரிடம் இதே குறையைக் கண்டிருப்பதாகச் சொன்னார். மில்னர் அங்கே போய் எச்.எம்.மைச் சோதித்ததும், 1957இல் வெளிவந்த கட்டுரையும் நினைவாற்றல் ஆய்வின் தலைவாசல் ஆயின. பி.பி. பின்னர் வேறு காரணத்தால் இறந்தார். அவருடைய மூளையைக் கூறாய்ந்த முடிவைப் பென்ஃபீல்டும் மாத்தியெசனும் 1974இல் வெளியிட்டார்கள். வலது ஹிப்போகேம்பஸ் சுருங்கிப் போயிருந்தது.

இன்றைய ஸ்கேனில் அரைமணி நேரத்தில் தெரிந்திருக்கக்கூடிய ஒன்று. அது தெரிந்திருந்தால் அந்த இரண்டாவது அறுவை நடந்திருக்காது. ஆகவே படம் வேண்டியதில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். எனக்குப் பென்ஃபீல்டிடம் மதிப்பு கூடியது இந்தக் கட்டுரையைப் படித்த பிறகுதான்: தம் கையால் நேர்ந்த இழப்பை எண்பதைத் தாண்டிய வயதில் திரும்ப எடுத்து, துருவி ஆராய்ந்து, தம் பெயரிலேயே வெளியிட்டிருக்கிறார்.

சந்தேகி

இதைப் படித்தபின் என் முதல் பதிவின் கூர்மையைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்: படம் இல்லாத அந்த இடைக்காலத்தில், பி.பி.க்கு நேர்ந்தது மீண்டும் நேராமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?

மொன்றியல்_குகன்

அதற்கு விடை ஜப்பானியரான ஜூன் வாதா. ஒரு பக்கக் கழுத்துத் தமனியில் அமோபார்பிட்டல் மருந்தைச் செலுத்தினால், மூளையின் அந்த அரைப்பகுதி சில நிமிடங்கள் உறங்கிவிடும். பேச்சு எந்தப் பக்கம் என்று அறிவதற்காக அவர் 1949இல் ஜப்பானில் தொடங்கிய முறையை, ஐம்பதுகளில் மொன்றியலுக்கு வந்தபோது கொண்டுவந்தார். மில்னர் அதில் நினைவுச் சோதனையையும் சேர்த்தார். ஒரு பக்கம் உறங்கும்போது படங்களைக் காட்டி, விழித்தபின் எவை நினைவிருக்கின்றன என்று கேட்பார்கள். மறுபக்கம் தனியே தாங்குமா என்பது அறுவைக்கு முன்பே தெரிந்துவிடும். இன்று பல இடங்களில் இதன் வேலையில் ஒரு பகுதியைச் செயல்சார் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டிருக்கிறது. செய்ஜி ஒகாவா 1990இல் இரத்தத்திலுள்ள ஆக்சிஜனின் மாற்றத்தைப் படத்தில் பிடித்துக்காட்டியதிலிருந்து வளர்ந்த முறை அது. அதே நிறுவனத்தில் ழான் கோட்மன் குழுவினர் இ.இ.ஜி.யையும் செயல்சார் எம்.ஆர்.ஐ.யையும் ஒரே நேரத்தில் பதிந்து, அலை கிளம்பும் கணத்தில் எங்கே இரத்த ஓட்டம் மாறுகிறது என்று பார்த்துவந்திருக்கிறார்கள். பென்ஃபீல்டும் ஜாஸ்பரும் ஒரு கருவிக்குள் வந்துவிட்டார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆற்காட்டான்

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஜேகப் சாண்டி, மொன்றியலில் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். வலிப்புக்கான அறுவை இந்தியாவில் ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே அங்கே நடந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்து வலிப்பை நிறுத்தப் பார்த்த ஊரில் அன்றே அது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நெல்லை ஐயாவின் கட்சிக்கு வலுச் சேர்ப்பது அதே துறையின் பிற்காலப் பணி. சி.டி. ஸ்கேன் நம் நாட்டுக்கு வந்தபின், வலிப்போடு வரும் பலருடைய மூளையில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு சிறு வளையம் தெரிந்தது. காசநோய் மலிந்த நாடாயிற்றே என்று அதைக் காசக்கட்டி என்றே பல மருத்துவர்கள் கொண்டார்கள்; நோயாளிகள் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரைகளை விழுங்கினார்கள். வேலூரில் அந்த வளையங்களைத் திசுப்பரிசோதனை செய்து பார்த்தபோது, பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கூடுகள் என்று தெரிந்தது. வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் தொண்ணூறுகளில் அதை அடையாளம் காணும் நெறிகளை வகுத்தார்கள். வலிப்பு மருந்து மட்டும் கொடுத்துக் காத்திருந்தால் பல வளையங்கள் சில மாதங்களில் தாமாகவே மறைந்துவிடும். பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் இது வரும். புழு உள்ளவரின் கைவழியாகவோ, மாசுபட்ட உணவு, நீர் வழியாகவோ முட்டை உள்ளே போனால் போதும். படம் வளையத்தைத்தான் காட்டியது. அது என்ன என்று சொன்னது, சாயமேற்றிய திசு. மாட்ரிட்டில் பென்ஃபீல்டு கற்கப் போனதும் அதுதானே?

மல்லிகா_ர

இந்த இழையை மூன்று நாள்களாகப் படித்துவருகிறேன். என் தம்பிக்கு ஒன்பது ஆண்டுகளாக வலிப்பு. இரண்டு மருந்துகளுக்கும் அடங்கவில்லை. எங்கள் ஊரில் எடுத்த எம்.ஆர்.ஐ. "இயல்பு" என்று வந்தது. அந்தத் தாளைப் பார்த்தபின் வீட்டில் எல்லாரும் அவன் பயத்தினால் இப்படிச் செய்கிறான் என்றே நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். கதிர் அவர்களிடம் கேட்கிறேன்: இயல்பு என்று வந்த படத்தை மறுபடியும் எடுப்பதில் பொருளுண்டா?

படக்கதிர்

உண்டு, அக்கா. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். வேண்டுகோள் தாளில் "தலைவலி" என்றிருந்தாலும் "வலிப்பு" என்றிருந்தாலும் பல மையங்களில் அதே வழக்கமான படத்தைத்தான் எடுக்கிறார்கள். ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள கிடைத்துண்டுகள். ஹிப்போகேம்பஸ் அந்தத் துண்டுகளுக்கிடையில் ஒளிந்துகொள்ளும். பன்னாட்டு வலிப்புநோய்க் கழகத்தின் 2019ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஒரு மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு முப்பரிமாணப் பதிவுகளையும், ஹிப்போகேம்பஸின் நீள அச்சுக்குச் செங்குத்தாக எடுக்கும் மெல்லிய துண்டுகளையும் கேட்கிறது. மருத்துவர் "வலிப்பு முறைப் படம்" என்று எழுதி, எந்தப் பக்கம் ஐயம் என்பதையும் குறித்தால், படமெடுக்கும் எங்களுக்கும் படிப்பவருக்கும் கண் அங்கே போகும். பழைய படத்தின் குறுந்தகட்டைக் கட்டாயம் கொண்டுபோங்கள்.

மல்லிகா_ர (ஏழு வாரங்களுக்குப் பின்)

நன்றியோடு எழுதுகிறேன். வேறோர் ஊரில் பெரிய மருத்துவமனையில் காட்டினோம். மருத்துவர் படத்தைத் தொடவே இல்லை. முதல் அரைமணி நேரம் தம்பியிடம், வலிப்பு வருமுன் என்ன தெரிகிறது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது ஆண்டுகளில் எங்களில் ஒருவரும் அவனிடம் கேட்காத கேள்வி அது. வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சு வரை எழும்பி வரும், பிறகு அந்த அறை முன்பே பார்த்த அறை போலத் தோன்றும் என்றான். அவன் சொன்ன சொற்களையே மருத்துவர் எழுதிக்கொண்டார். மெல்லிய துண்டுப் படத்தில் இடது ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருப்பதாக வந்திருக்கிறது. அடுத்த திங்கள்கிழமை வீடியோ இ.இ.ஜி.க்காகச் சேர்க்கிறோம், மருந்தைக் குறைத்து, வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்களாம்.

தென்னவன்_நெல்லை

மல்லிகா அம்மா, வலது பக்கம் எப்படியிருக்கிறது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்களா? நினைவுச் சோதனைக்கும் நாள் குறித்திருக்கிறார்களா என்று மறக்காமல் கேளுங்கள்.

மல்லிகா_ர

வலது பக்கம் இயல்பாக இருக்கிறது என்றே எழுதியிருக்கிறது, ஐயா. நினைவுச் சோதனை புதன்கிழமை.